இந்தப் பாட்டி யாருடைய நோயாளி?



காலை ஏழு மணிக்கே வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். நம் பகுதிகளிலுள்ள எந்த மிஷன் மருத்துவமனையிலும் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் இவரைப்போல் பத்துப் பேரையாவது காணலாம். வயது எழுபத்தெட்டு. கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகவேண்டிய பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். மடியில் ஒரு மஞ்சள் பை.

அந்தப் பையை மேஜைமேல் கவிழ்த்தால் என்னவெல்லாம் விழும்? சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகள். முழங்கால் வலிக்கு டவுன் டாக்டர் எழுதிக்கொடுத்தது. தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கியது. கால் வீக்கத்துக்கு வேறொருவர் எழுதிய நீர் மாத்திரை. இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு அட்டைகள். உள்ளே இருப்பது ஒரே மருந்து. பாட்டி இரண்டையும் தவறாமல் சாப்பிட்டுவருகிறார். பெயரும் நிறமும் வேறாயிருக்கும்போது அவருக்கு எப்படித் தெரியும்?

இதில் எந்த டாக்டரையும் குற்றஞ்சொல்ல முடியாது என்பதுதான் கவனிக்கவேண்டியது. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். முழங்கால் வலி தாங்கவில்லை என்றார். வலி மாத்திரை எழுதப்பட்டது. இவ்வகை வலி மாத்திரைகள் பல ரத்தக்கொதிப்பைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அடுத்த மாதம் சுகாதார நிலையத்தில் அளந்தபோது ரத்தக்கொதிப்பு கூடியிருந்தது; வலி மாத்திரையைப்பற்றி அவர்கள் கேட்கவுமில்லை, பாட்டி சொல்லவுமில்லை. ஆகவே அம்லோடிபின் சேர்க்கப்பட்டது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். வீக்கத்தைக் கண்ட மூன்றாவது டாக்டர் நீர் மாத்திரை எழுதினார். நீர் மாத்திரையால் இரவில் நாலுமுறை எழுந்து கொல்லைப்புறம் போகவேண்டியதாயிற்று. உடம்பில் உப்புச்சத்து குறைந்து, எழுந்து நின்றவுடன் தலை சுற்றியது. தூக்க மாத்திரையின் மயக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கொல்லைப்புற வாசற்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஒவ்வொருவரும் தம் முன்னால் வந்த பிரச்சினைக்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்தார்கள். எலும்பு டாக்டருக்கு அவர் ஒரு முழங்கால், சுகாதார நிலையத்துக்கு ஒரு ரத்தக்கொதிப்பு, மூன்றாமவருக்கு இரண்டு வீங்கிய கணுக்கால்கள். பாட்டியை முழுதாகப் பார்த்தவன் அந்தப் பேரன் ஒருவன்தான். அவனுக்குப் பத்து வயது.

முதுமையும் தளர்ச்சியும் ஒன்றல்ல

எண்பது வயதில் தோட்டத்துக்குப் போய்வருகிற தாத்தாக்களும் உண்டு. அறுபத்தைந்தில் திண்ணையைவிட்டு இறங்காதவர்களும் உண்டு. வயதைமட்டும் வைத்து யாருக்குக் கூடுதல் கவனம் தேவை என்று சொல்லிவிட முடியாது. லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள்: முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைவது, எதைச் செய்தாலும் ஓய்ந்துபோவது, கைப்பிடியின் பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் அவரைத் தளர்ச்சியுற்றவர் என்று கொள்ளலாம். நம் ஊர் வழக்கில் சொன்னால், ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது, குடம் தூக்க முடியவில்லை, கோயிலுக்கு நடந்து வந்தவர் இப்போது வருவதில்லை. இதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் டாக்டர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரே.

தளர்ச்சியுற்றவருக்கு உடம்பில் கையிருப்பு இல்லை. வாலிபனுக்கு ஒரு வாரக் காய்ச்சல் வந்துபோய்விடும். அதே காய்ச்சல் இவரைப் படுக்கையில் தள்ளும். படுக்கை என்பது அவருக்கு ஓய்வு அல்ல. நல்ல ஆரோக்கியமான முதியவர்கள் பன்னிரண்டுபேரை வெறுமனே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007-ல் வெளிவந்தது. வியாதி எதுவும் இல்லாத அவர்களுக்கே, கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. ஆகவே நிமோனியாவுக்காக வார்டில் சேர்த்து, நிமோனியாவைக் குணமாக்கி, நடக்கமாட்டாதவராக வீட்டுக்கு அனுப்புவது நடக்கக்கூடிய காரியமே. கேஸ் ஷீட்டில் அது வெற்றி என்றே எழுதப்படும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். திடீரென்று ஒரே நாளில் ஒரு முதியவர் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால், “வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்று விட்டுவிடாதீர்கள். வேறு விதமான விளக்கங்களையும் தேடி அலையவேண்டாம். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, உடம்பில் உப்புக் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாயிருக்கலாம். பல சமயங்களில் இது சரிசெய்யக்கூடியது. உபவாச நாளிலும் சர்க்கரை மாத்திரையைமட்டும் விடாமல் போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் நம் சபைகளில் எத்தனைபேர்! சாப்பிடாமல் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை எடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். ஆராதனையில் மயங்கி விழுகிறவருக்கு முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

எழுநூற்றுப் பதினாலு பேர்

முதியோரை முழுதாகப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1935-ல் லண்டனுக்கு மேற்கேயுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த பழைய ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே கிடந்த 714 பேரும் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள். பல வருடங்களாகப் படுக்கையைவிட்டு எழாதவர்கள். அவர்களுக்கு என்ன வியாதி என்பதுகூடப் பலருடைய விஷயத்தில் யாருக்கும் தெரியாது. ‘தீராத நோயாளிகள்’ என்ற ஒரே பெயர்தான்.

வாரன் செய்ததைப் படித்தால் பிரமாதமான கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்கு உண்மையாகவே மருத்துவம் வேண்டும், யாருக்குப் பயிற்சி கொடுத்தால் நடப்பார், யாருக்கு வீடுமட்டும் இல்லை என்று பிரித்தார். இருண்ட சுவர்களுக்கு வெளிர் வர்ணம் அடித்தார், வெளிச்சம் கூட்டினார், பிடித்து நடக்கக் கம்பிகள் வைத்தார், படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைத்தார். டாக்டர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லாரையும் ஒரே நோயாளியைப்பற்றி ஒன்றாகப் பேசவைத்தார். எத்தனையோபேர் எழுந்து நடந்தார்கள். அநேகர் வீடுகளுக்கோ முதியோர் இல்லங்களுக்கோ சென்றார்கள். காலப்போக்கில் அந்தப் பிரிவுக்கு 240 படுக்கைகளே போதுமென்று ஆயிற்று. 1943-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரைக்கு முதியோர் மருத்துவம் என்ற துறையின் வரலாற்றில் முக்கிய இடம் உண்டு.

வாரன் செய்த அந்த முழுப் பரிசோதனை பிற்காலத்தில் பல நாடுகளில் முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017-ல் இவ்வாறான 29 ஆய்வுகளை, 13,766 நோயாளிகளின் விவரங்களை, காக்ரேன் குழுவினர் ஒன்றாகத் தொகுத்தார்கள். முடிவை உள்ளபடி சொல்லவேண்டும்: ஆயுள் கூடிவிடவில்லை, சாவு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது உயிரோடு தங்கள் சொந்த வீட்டில் இருந்தவர்கள், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில்தான் அதிகம். ஒரு முதியவரிடம் கேட்டுப்பாருங்கள், எதை விரும்புவார் என்று.

ஓட்டுநரும் உட்காரும் கூட்டம்

மருத்துவமனைக்குள் ஒருங்கிணைப்பது ஒன்று. வீட்டில் இருப்பவரை ஒருங்கிணைத்துக் கவனிப்பது அதைவிடக் கடினமானது. இதற்கு நாம் அறிந்தவற்றுள் நல்ல உதாரணம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீன மக்கள் நெருங்கி வாழும் பகுதியில் தோன்றியது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே தளர்ந்துபோன முதியோர் ஏராளம்; அவர்களை இல்லங்களில் கொண்டுபோய் விடுவது குடும்பங்களுக்கு மனதில்லாத காரியம். பல் மருத்துவரான வில்லியம் கீ, சமூகப் பணியாளரான மேரி-லூயிஸ் ஆன்சாக் ஆகியோரின் முயற்சியில் 1971-ல் ஆன் லோக் என்ற அமைப்பு உருவானது. கான்டனீஸ் மொழியில் அதற்குச் சமாதானமும் மகிழ்ச்சியுமான இருப்பிடம் என்று பொருள். 1973-ல் பகல் நேர மையம் ஒன்றைத் திறந்தார்கள். காலையில் வேன் வீட்டுக்கு வரும். மையத்தில் டாக்டர் இருப்பார், உடற்பயிற்சி, மதிய உணவு, பேசிச் சிரிக்க நாலுபேர். மாலையில் வீடு.

இதில் பணம் கையாளப்பட்ட விதத்தைச் சற்று விளக்கவேண்டும். பொதுவாக ஒரு முறை பார்த்தால் ஒரு கட்டணம், ஒரு அறுவைக்கு ஒரு கட்டணம் என்றுதான் மருத்துவத்தில் வரவு. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி அடுத்த டாக்டருக்குப் போன் செய்வதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே யாரும் செய்வதில்லை. ஆன் லோக்குக்கு 1983 முதல் ஒரு முதியவருக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான ஒரு தொகை கிடைத்தது. அதற்குள் டாக்டர், மருந்து, வேன், வீட்டு உதவி, மருத்துவமனைச் செலவு எல்லாம் அடக்கம். அவர் குளியலறையில் விழுந்து இடுப்பொடிந்தால் அந்தச் செலவும் இவர்களுடையதே. அப்படியானால் குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துவது எவ்வளவு மலிவு! யாரும் பிரசங்கம் செய்யாமலே அது பொருத்தப்பட்டது.

1997-ல் அமெரிக்கச் சட்டம் இம்முறையை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. அதன்படி அமைந்த மையங்களின் குழுவில் பதினொரு விதமான பணியாளர்கள் இடம்பெறவேண்டும். டாக்டர், செவிலியர், உணவியலாளர் போன்றோருடன் வீட்டில் உதவிசெய்யும் ஆயாவும், வேன் ஓட்டுநரும் அதில் உண்டு. ஓட்டுநர் எதற்கு என்று தோன்றும். தாத்தா கதவைத் திறக்க இன்று எவ்வளவு நேரம் எடுத்தார், அடுப்பு எரிந்திருக்கிறதா, வேனில் ஏறும்போது மூச்சு வாங்கியதா என்பதெல்லாம் தினமும் பார்க்கிறவர் அவர்தானே. டாக்டருக்குப் பரிசோதனை அறையில் தெரியாதது அவருக்கு வாசற்படியில் தெரிந்துவிடுகிறது.

கண்ணால் பார்க்கும் ஒருவர்

இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமலும் செய்யமுடியுமா? ஓரளவு முடியும். பிலடெல்பியாவில் மேரி நெய்லர் என்ற செவிலியப் பேராசிரியை தம் குழுவினருடன் நடத்திய ஆய்வு 1999-ல் வெளிவந்தது. வார்டில் சேர்க்கப்பட்ட 363 முதியோரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான டிஸ்சார்ஜ். மறு பிரிவினரை, சேர்ந்த இரண்டு நாளுக்குள் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வார்டிலேயே சந்தித்தார். வீட்டுக்குப் போன இரண்டு நாளுக்குள் அதே செவிலியர் வீட்டுக்கும் சென்றார். ஒரு மாதம்வரை போனில் கிடைத்தார். ஆறு மாத அளவில் பார்த்தபோது, முதற்பிரிவில் நூற்றுக்கு 37 பேர் மறுபடியும் மருத்துவமனையில் சேரவேண்டியிருந்தது; மறு பிரிவில் 20 பேர். மருந்து ஒன்றும் புதிதல்ல. ஒரே முகம் இரண்டு இடத்திலும் இருந்தது, அவ்வளவே.

ஆனால் ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர் வைத்தாலே பலன் வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். அமெரிக்க அரசு பதினைந்து இடங்களில் இத்தகைய திட்டங்களைப் பரீட்சித்தது. 2009-ல் வெளியான முடிவின்படி 13 இடங்களில் மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. ஒன்றில் குறைந்தது. ஒன்றில் கூடியேவிட்டது! செலவும் மிச்சமாகவில்லை. நேரில் போய்ப் பார்ப்பது கணிசமாக இருந்து, அதுவும் நோய் மிகுந்தவர்களைத் தேர்ந்து செய்தால்தான் பலன் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தொலைபேசியும் கம்ப்யூட்டரும் துணைக்கருவிகளே; படியேறிப் போகிற கால்கள் இல்லாவிட்டால் அவற்றால் பெரிய பிரயோஜனமில்லை என்றே நாமும் நினைக்கிறோம்.

நம் நாட்டிலும் இதற்கு வேர்கள் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் பஞ்சாயத்துச் செவிலியர்களும் படுத்த படுக்கையானவர்களை வீடுவீடாகப் பார்க்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் அம்மாநில அரசு அதற்குக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுவாசலுக்கு வருவதும், படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபி வீட்டிலேயே கிடைப்பதும் சிறிய காரியங்கள் அல்ல. 2021-க்கான மத்திய அரசின் கணக்கீட்டில் நம் மாநில மக்களில் 13.6 சதவீதம்பேர் அறுபதைக் கடந்தவர்கள், கேரளத்தில் 16.5 சதவீதம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளோ நாளுக்குநாள் பெருகுகின்றன.

இவ்வளவு இருந்தும் நம் பாட்டியின் பை அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு டவுன் டாக்டரின் சீட்டு தெரியாது. மிஷன் மருத்துவமனையில் இடுப்புக்கு அறுவைசெய்து அனுப்பும் டிஸ்சார்ஜ் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. கழிப்பிடம் வீட்டுக்கு வெளியே இருக்கிறதா, குத்தவைத்து உட்காரும் விதமானதா என்று அறுவைக்கு முன் கேட்டவர் உண்டா? வீட்டில் சமைப்பவர் யார்? இவை மருத்துவக் கேள்விகளாகத் தோன்றமாட்டா. ஆனால் புதிய இடுப்பு மூட்டோடு ஒருவர் ஆறு மாதம் நடப்பாரா படுப்பாரா என்பது இவற்றில் அடங்கியிருக்கிறது.

எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போன சம்பவம் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. உணவு போதவில்லை என்று அங்கே சொல்லப்படவில்லை. பொறுப்பாகப் பார்க்க ஆள் இல்லை. ஏழுபேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள்.

பங்காளர்களிடம் ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். ஸ்கேன் இயந்திரம் வாங்கித் தந்தால் அதன்மேல் பெயர் பொறிக்கலாம். திறப்பு விழா நடத்தலாம். படம் எடுத்து இதழில் போடலாம். ஒரு சிஸ்டர் மாதம் முழுவதும் டி.வி.எஸ். வண்டியில் போய் முப்பது வீட்டு மாத்திரைப் பைகளைக் கொட்டிப் பார்த்து, நாலு டாக்டர்களுக்குப் போன்செய்து, ஒன்பது மாத்திரையை ஐந்தாக்கியதற்கு என்ன படம் எடுப்பது? விழாமல் போன ஒருவரைப் படம்பிடிக்க முடியாது. நோயாளியின் கட்டணத்திலிருந்தும் இந்தச் சம்பளம் வராது. காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை படுக்கையில் சேர்த்தால்தான் பணம் தருகின்றன. உலகெங்கும் தர்ம மருத்துவமனைகளில் இந்த வேலை நடந்திருக்குமானால், இன்னதற்கென்று குறிக்கப்படாத காணிக்கைகளால்தான் பெரும்பாலும் நடந்திருக்கும்.

பணம் தேவைப்படாத பகுதியும் இதில் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் வயதானவரின் எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில், தமிழில் எழுதுங்கள்: எதற்கு, எப்போது, எந்த டாக்டர் கொடுத்தது, எப்போது தொடங்கியது. கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் அதில் இருக்கட்டும். வருடத்தில் எத்தனை முறை விழுந்தார் என்றும் எழுதுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு. பன்னிரண்டு விநாடிக்கு மேலானால் விழும் அபாயம் உண்டு என்று கொள்ளலாம். அதையும் தாளில் குறியுங்கள்.

ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடவேண்டாம். சிலவற்றைச் சட்டென்று விட்டால் ஆபத்து. பையை அப்படியே எடுத்துக்கொண்டு, தாளோடு, ஒரே ஒரு டாக்டரிடம் போய், “இவற்றில் எது இன்னும் வேண்டும்?” என்று கேளுங்கள். போகும்போது விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் போகவேண்டும், பேரன் பள்ளிக்கூடம் போகட்டும். பாட்டியின் மூக்குக்கண்ணாடி, பல்செட்டு, காதுக்கருவி ஏதும் இருந்தால் அவற்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அவை இல்லாமல் வருகிறவரை, கேள்வி காதில் விழாததாலேயே, ஞாபகசக்தி குறைந்தவர் என்று எழுதிவிடுவது எளிதாக நடந்துவிடுகிறது.